தேவானையின் கட்டைவிரல்

தேவானைக்குத் தெரிந்த நேர்காணல் ஒன்றுதான். கோபாலபுரத்தில் அவள் ஆயாவாக இருக்கும் சிறிய பள்ளியில், ஒவ்வொரு தை மாதமும் எல்.கே.ஜி. சேர்க்கைக்காக நடப்பது.

பெற்றோர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருப்பார்கள். பிள்ளையை மட்டும் தேவானை உள்ளே கூட்டிப் போக வேண்டும். கேட்டிலிருந்து தலைமையாசிரியை காமாக்ஷியின் அறை வரை இருபத்திரண்டு எட்டு. அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும், இந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா திறக்காதா என்று. திறக்காது என்று பட்டால் அறைக்குள் போன பிறகும் அதன் கையை விட மாட்டாள். மேடம் பெயர் கேட்கும்போது உள்ளங்கையில் தன் கட்டைவிரலை ஒருமுறை அழுத்துவாள். பிள்ளை திடுக்கிட்டு நிமிரும். நிமிர்ந்தால் பேசிவிடும். பதினோரு வருடத்தில் இப்படி எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அவள் கணக்கு வைத்ததில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

தன் மகள் மணிமொழிக்கும் அதைத்தான் பழக்கினாள்.

மணிக்கு ஆறு வயது. இரண்டரை வயதில் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டு வார்த்தைகளும் மூன்று வயதில் போய்விட்டன. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சுவரோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். யார் கால் பட்டாவது ஒரு மூடி நகர்ந்துவிட்டால் கத்துவாள், பிறகு தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். அவர்கள் இருப்பது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய ஒரு சந்தில். பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு குழாய். ஒரு வீட்டில் இருமினால் இன்னொரு வீட்டில் கேட்கும். அங்கே தேவானை மூன்று வருடம் இதை மறைத்தாள்.

கையைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு அழுத்து அழுத்தினால் நிமிர்ந்து எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு என்றால் வணக்கம். மூன்று என்றால் பெயர். விடாமல் நீளமாக அழுத்தினால் உட்கார வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பொட்டுக்கடலை. பழகிய பிறகு மணி தவறியதே இல்லை. குழாயடியில் யாராவது குனிந்து, "இன்னாடி கண்ணு, உம் பேர் இன்னா?" என்றால் நிமிர்ந்து "மணிமொழி" என்பாள்.

"பேச்சு கம்மி, அவ்ளோதான். அவங்கப்பன் மாரி" என்று தேவானை குடத்தைத் தூக்கிக்கொள்வாள்.

அப்பன் வேலுவும் அப்படித்தான் நினைத்திருந்தான். அவன் மோட்டார் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறான். விடியும் முன் மீன் மார்க்கெட்டுக்குப் போனால், சரக்கையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, குளித்து, தூங்கி எழுவதற்குள் மாலையாகிவிடும். அவன் எழுந்து டீ குடிக்கும்போது தேவானை மணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்துவாள். "இன்னா நைனா, அப்பாவ மறந்துட்டியா?" என்பான். மணி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பாள். அவனுக்கு அது போதும்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். மணிக்கட்டில் பல் தடத்தைப் பார்த்துவிட்டு வேலு யார் கடித்தது என்று கேட்டான். எதிர்வீட்டு நாகராஜின் மகள் ஷீலா என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அவன் நேரே போய்க் குழாயடியில் நாகராஜின் சட்டையைப் பிடித்தான். எட்டு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மணியை அவள் தினமும் பள்ளிக்கே கூட்டி வருவாள். விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். காமாக்ஷி மேடம் இரண்டு வருடமாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஏப்ரல் கடைசியில் கூப்பிட்டு அனுப்பினார்.

"தேவானை, நான் சுத்தி வளைச்சுப் பேசப் போறதில்ல. கொழந்தைய அடையாறுல ஒரு எடத்துல காட்டணும். நானே பேசி வெச்சுட்டேன்."

"பேச்சுதான் மேடம் கம்மி. மத்தபடி..."

"போயிட்டு வந்து மத்தபடியச் சொல்லு."

அடையாறு மையம் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஸ்ரீரஞ்சனி என்ற தெரபிஸ்ட், தேவானையை மூலையில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, மணியோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாள். ஆட்டிசம் என்றாள். அந்த வார்த்தையைப் பள்ளியில் கேட்டிருக்கிறாள் தேவானை. மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியைகள் குரலைத் தாழ்த்திச் சொல்வது.

வாரம் நான்கு நாள் தெரபி வேண்டும். கைக்காசு கொடுத்துச் செய்ய அவள் சம்பளம் பத்தாது. ஆனால் இதற்கென்று அரசுக் காப்பீடு இருக்கிறது, அந்த அட்டையை இந்த மையம் ஏற்றுக்கொள்ளும். அட்டைக்கு விண்ணப்பிக்க அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும்.

"ஜூலையில காலம்பற பத்து மணி எடம் ஒண்ணு காலியாறது" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "ஜூன் முப்பது வரைக்கும் உங்களுக்கு வெச்சுண்டிருப்பேன். அதுக்குள்ள சர்டிபிகேட் வந்துடணும். அதுக்கு மேல என்னால முடியாது. உங்களுக்குப் பின்னால பதினாலு கொழந்தைகள் நிக்கறது. இதை விட்டா அடுத்த வருஷம்தான்."

"ஆஸ்பத்திரில இன்னா மேடம் கேப்பாங்க?"

"கொழந்தையப் பத்தித்தான். எப்பவும் போல கூட்டிண்டு போங்கோ. ஒண்ணும் தயார் பண்ண வேண்டாம்."

ஒன்றும் தயார் பண்ண வேண்டாம் என்று பள்ளியிலும் பெற்றோரிடம் சொல்வார்கள். அதை நம்பி வந்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேவானைக்குத் தெரியும்.

மே மாதம் முழுக்கப் பள்ளி விடுமுறை. அந்த ஒரு மாதமும் பழக்கினாள். சிவப்பு, நீலம், மஞ்சள். மூக்கு எங்கே, காது எங்கே. பொட்டுக்கடலை இரண்டு கிலோ தீர்ந்தது.

ஜூன் ஒன்பதாம் தேதி மணிக்கு மஞ்சள் கவுன் போட்டு, எண்ணெய் வைத்துச் சீவி, பூ வைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். வேலுவிடம் பள்ளியில் கேட்ட செக்கப் என்று சொல்லியிருந்தாள். வராந்தாவில் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பையன் தரையில் உருண்டுகொண்டிருந்தான். அவன் அம்மா அவனைத் தூக்கவில்லை, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைகூடச் சீவாமல் கூட்டி வந்திருக்கிறாளே என்று தேவானை நினைத்தாள்.

டாக்டர் ஷாஹுல் ஹமீது ஐம்பது வயதுக்காரர். சத்தமில்லாமல் பேசினார்.

"உம் பேர் என்னம்மா?"

மூன்று அழுத்து. "மணிமொழி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு அழுத்து. மணியும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மூக்கைத் தொட்டாள், நீலக் கட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு தேவானையிடம் கேட்க ஆரம்பித்தார். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். எப்போதாவது என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து.

"கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளா?"

"பாப்பா சார்."

"மத்தப் பிள்ளைங்களோட சேர்ந்து வெளையாடுவாளா?"

"நல்லா வெளையாடுவா. ஸ்கூல்ல அவதான் சார் லீடரு."

"காரணமில்லாம கத்தறது, அழறது?"

"இல்லவே இல்ல."

"தன்னையே அடிச்சுக்கறது, கடிச்சுக்கறது?"

தேவானை கவுனின் கையை இழுத்து மணிக்கட்டை மூடினாள். "சேச்சே."

"உள்ளத உள்ளபடி சொல்லணும்மா."

"உள்ளதத்தான் சார் சொல்லிக்கினுகீறேன்."

அவர் மேலே கேட்டுக்கொண்டு போனார். கடைசியில் கூட்டினார். "அறுபத்தாறு."

"பாஸ் மார்க்கு எவ்ளோ சார்?"

"எழுபது இருந்தாத்தான் சர்டிபிகேட்."

"நாலு மார்க்குதானே சார், பாத்துப் போட்டுக் குடுங்க. கலர் இன்னும் நாலு கேளுங்க, சொல்லுவா."

டாக்டர் பேனாவை மூடினார். "அம்மா, இதுல மார்க் ஏற ஏற பிரச்சினை ஜாஸ்தின்னு அர்த்தம். எழுபதுக்குக் கீழன்னா ஆட்டிசம் இல்ல. அடையாறுல எழுதிக் குடுத்திருக்கறது வேற மாதிரி இருக்கு. ஆனா நான் பாத்ததையும் நீங்க சொன்னதையும் வெச்சுத்தான் நான் எழுத முடியும். சந்தேகம்னா மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் குடுங்க, தேதி தருவாங்க."

ஆட்டிசம் இல்லை என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. படிக்கட்டில் பாதி தூரம் சந்தோஷமாக இறங்கினாள். எதிரே ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒதுங்குவதற்காக மணியின் கையை விட்டாள். மணி சுவர்ப் பக்கம் திரும்பி, டைல்ஸ்களுக்கு நடுவில் ஓடும் கோட்டை விரலால் தடவ ஆரம்பித்தாள்.

"மணி" என்றாள் தேவானை.

விரல் ஒரு டைல்ஸிலிருந்து அடுத்ததற்குப் போயிற்று.

"மணி. மணி."

தூக்கிக்கொண்டு போனவர்கள் மேலே போய்விட்டார்கள். தேவானை படியில் உட்கார்ந்துகொண்டாள். கையில் இருந்த தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அந்தத் தாளை வேலு சாயங்காலம் அவள் பையிலிருந்து எடுத்தான். ஆங்கிலத்தில் இருந்ததால் தெருமுனை டீக்கடை நூர் முஹம்மதுவிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னான். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிலோ மைசூர்பாகு இருந்தது.

"இன்னாமே, இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினுகீற? ஒண்ணியும் இல்லன்னு போட்டுக்கீதாம். பாய் படிச்சு சொன்னாரு."

நாகராஜ் வீட்டைத் தவிர மற்றப் பத்து வீடுகளுக்கும் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். ஒவ்வொரு வாசலிலும் அவன் குரல் கேட்டது. எம் பொண்ணு, கெவுர்மெண்ட் டாக்டர், ஒண்ணியும் இல்ல.

மறுநாள் அடையாறில் ஸ்ரீரஞ்சனி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

"அங்க மணி பேர் சொன்னாளா?"

"சொன்னா மேடம்."

"இங்க ஒரு தடவைகூடச் சொல்லலியே." அவள் பார்வை மெல்ல இறங்கி இருவரின் கைகளில் நின்றது. "கைய விடுங்கோ."

தேவானை விட்டாள்.

"மணி, உம் பேர் என்ன?"

மணி தரையில் சுழலும் மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ பிடிச்சுக்கோங்கோ. அங்க என்ன பண்ணினேளோ அதையே பண்ணுங்கோ."

தேவானை பிடித்தாள். மூன்று முறை அழுத்தினாள்.

"மணிமொழி" என்றாள் மணி.

"எத்தனை நாளா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"மூணு வருஷம்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நானேதான்."

"இத்தனை கத்துண்டிருக்கா. சரி. ஆனா கைய விட்டா ஒண்ணுமே இல்லை, பாத்தேளா? நீங்க பக்கத்துல இல்லாத அன்னிக்கு யார் அழுத்துவா?" ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். "மறுமதிப்பீட்டுக்கு நான் கடிதம் தரேன். ஆனா அங்க பேச வேண்டியது நீங்க. அவ அப்பாவும் வரணும். இந்தத் தடவை ரெண்டு பேரையும் கேப்பா."

"அவுரு வேணாம் மேடம்."

"வந்தாகணும் தேவானை."

தேதி ஜூன் இருபத்தாறுக்குத்தான் கிடைத்தது.

வேலு முதலில் சிரித்தான். "பாஸாயிட்ட பரீட்சைய எவனாவது திரும்ப எழுதுவானா?"

"அது பாஸ் இல்ல மாமா."

"டாக்டரு இல்லன்றாரு. நீ கீதுன்ற. அந்த அடையாறு பொம்பள காசு புடுங்கறதுக்குச் சொல்லுது, நீயும் தலையாட்டிக்கினு வர்ற."

"காசு இல்ல, கார்டு குடுத்தா போதும்னு..."

"எந்தக் கார்டு? எம் பொண்ணு போட்டோவ ஒட்டி, ஊனம்னு போட்டு ஒரு கார்டு. நாளிக்கு அதுக்கு ஒரு கல்யாணம் காச்சின்னா அதத்தான் தட்டுல வெச்சு நீட்டணும்." குரல் உயர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது. அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "தோ பாரு, எப்பிடிப் பாக்குது. இதுக்கா நோவு?"

மணி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவானை குனிந்து பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் அவள் விரல் அழுத்தியிருந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் ஷீலா வரை சொல்ல வேண்டியிருக்கும்.

"வர்றேன்" என்றான் வேலு. "வந்து அந்த டாக்டராண்டயே சொல்றேன், எம் பொண்ணு நல்லாகீதுன்னு. அதோட முடிச்சுக்க."

அதன் பிறகு பதினைந்து நாள் இருந்தது. தினமும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று பள்ளியிலிருந்து புறப்படுவாள். வீடு வந்ததும் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்துவாள். மணி நிமிர்ந்து பார்ப்பாள்.

இருபத்தாறாம் தேதி மூன்று பேரும் போனார்கள். வேலு கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தான். மணிக்குத் தேவானை பழைய கவுனைப் போட்டிருந்தாள், பூ வைக்கவில்லை. வேலு வழியில் ஒரு முழம் வாங்கி அவனே மணியின் தலையில் சொருகினான். மணி அதைப் பிய்த்துப் போட்டாள். "வெயிலு" என்றான் அவன்.

அறையில் அதே மேசை, அதே டாக்டர். தேவானை நாற்காலியில் உட்காரும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தாள். ஷாஹுல் ஹமீது அதைப் பார்த்தார். ஸ்ரீரஞ்சனியின் கடிதத்தைப் படித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளா?"

"பாப்பா சார்" என்றான் வேலு.

"மாட்டா சார்" என்றாள் தேவானை.

வேலு சிரித்தான். "பயந்துகினுகீது சார். நேத்துலேந்து சரியா துன்னக்கூட இல்ல."

"மத்தப் பிள்ளைங்களோட?"

"வெளையாட மாட்டா. போன தபா லீடருன்னு சொன்னது பொய் சார். சாமான் ரூம்ல தனியா உக்காந்து மூடி அடுக்குவா. யாராச்சும் தொட்டா கத்துவா."

"இன்னாமே சொல்லிக்கினுகீற?"

"ஆபத்து தெரியுமா? ரோடு, நெருப்பு..." என்றார் டாக்டர்.

"தெரியாது சார். மாசி மாசம் ரோட்டுக்கு ஓடிப்போய் பஸ்ஸு முன்னாடி நின்னுட்டா. டீக்கடை பாய்தான் இஸ்துக்கினு வந்தாரு. அவராண்ட சத்தியம் வாங்கிக்கினேன், இவருக்குச் சொல்லக்கூடாதுன்னு."

வேலு அவள் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தான். டாக்டர் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். பேனாவின் சத்தம் கேட்டது.

"தன்னையே கடிச்சுக்கறது?"

தேவானைக்குத் தொடைக்கு அடியில் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"எப்பவும் சார். மாமா, அந்தக் கைய தூக்கிக் காட்டு."

வேலு மணியின் கவுன் கையை மேலே தள்ளினான். பழைய தடத்தின் மேல் புதுத் தடம், அதன் மேல் இன்னொன்று. நேற்று வந்தது சிவந்திருந்தது.

"இது அந்த நாகராஜ் பொண்ணு..."

"அந்தப் பொண்ணு கடிக்கல. இவளேதான் கடிச்சிக்கினா. நாந்தான் ஷீலான்னு சொன்னேன்."

"அவன் சட்டையப் புடிச்சேனே" என்றான் வேலு. டாக்டரைப் பார்த்துச் சொன்னான். "பத்து பேருக்கு முன்னாடி."

வேலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "சார், என்னப் பாப்பா சார். டெய்லி பாப்பா. டீ குடிக்கறப்போ வந்து நின்னு பாப்பா."

"கூப்பிடுங்க, பாப்போம்."

மணி அறையின் நடுவில் நின்று ஏசியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி" என்றான் வேலு. "நைனா. அப்பாவப் பாரு. இங்க பாரு கண்ணு. மணிம்மா."

ஐந்தாவது தடவை அவன் குரல் மாறிவிட்டது. ஆறாவது தடவை கூப்பிடவில்லை.

மணி நகர்ந்தாள். நேரே தேவானையிடம் வந்து, அவள் தொடைக்கு அடியில் கையை விட்டு, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தேவானை எழவில்லை. மணி இரண்டு கையாலும் இழுத்து அவள் வலது கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

தேவானை விரலை அசைக்கவில்லை.

மணி கையை ஆட்டினாள். விரல் துணி மாதிரி ஆடியது. அவள் இன்னொரு கையால் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் தானே அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"மணிமொழி" என்றாள். யாரையும் பார்க்கவில்லை.

போயிற்று என்று நினைத்தாள் தேவானை. பேர் சொல்லிவிட்டாள். மார்க் குறையப் போகிறது.

மணி மறுபடி மூன்று முறை அழுத்தினாள். "மணிமொழி." மறுபடியும். பொட்டுக்கடலை வரவில்லை. "மணிமொழி, மணிமொழி." குரல் ஏறி ஏறி வெறும் கத்தலாகியது. பிறகு தேவானையின் கையை உதறிவிட்டுத் தன் மணிக்கட்டை வாயில் வைத்துக் கடித்தாள். வேலு பாய்ந்து எழுந்தான்.

"உடு மாமா."

"ரத்தம் வருதுடி!"

"உடு. அவரு பாக்கட்டும்."

ஷாஹுல் ஹமீது எழுந்து மேசையைச் சுற்றி வந்து நின்றார். சில விநாடிகள்தான். "போதும்மா, பாத்துட்டேன். தூக்கிக்கோங்க" என்றார். தேவானை மணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மணியின் தலை அவள் முகவாயில் இடித்தது, உதட்டில் உப்புக் கரித்தது. கத்தல் அடங்க வெகுநேரமாயிற்று. கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு மூடினாள்.

டாக்டர் கூட்டினார். "நூத்திப் பதினொண்ணு."

இந்தத் தடவை வேலுதான் கேட்டான். "அது இன்னா சார், ஜாஸ்தியா?"

"ஜாஸ்தி. சர்டிபிகேட் கிடைக்கும். திங்கட்கிழமை சர்டிபிகேட் நம்பர் வந்துடும், அத வெச்சு கார்டுக்கு எழுதிப் போடலாம்." சொல்லிவிட்டு மணியின் மணிக்கட்டைப் பார்த்தார். "கீழ போய் இதுக்கு மருந்து வெச்சுட்டுப் போங்க."

பேருந்து நிறுத்தத்தில் வேலு சற்றுத் தள்ளி நின்றான். இரண்டு பேருந்து போயின. மணி கட்டுப் போட்ட கையோடு தேவானையின் தோளில் தூங்கிவிட்டாள். மூன்றாவது பேருந்து வந்தபோது அவன் பக்கத்தில் வந்தான். ஏறவில்லை. தன் கையை நீட்டினான். மீன் பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கை.

"எப்பிடி அழுத்துவ? காட்டு."

"இன்னாத்துக்கு மாமா..."

"காட்டுமே."

அவள் ஒரு அழுத்து அழுத்தினாள். "இது பாருன்னு."

"ரெண்டு?"

"வணக்கம்."

"மூணு பேரு. அத்தான் பாத்தேனே. அப்பறம்?"

அவள் விடாமல் நீளமாக அழுத்தினாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நிறுத்தத்துச் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தான்.

"தெனம் டீ குடிக்கறப்போ, இத்தானா?" என்றான். அவன் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் அவன் டீ குடிக்கவில்லை. சந்தின் எதிர்ப்பக்கம் போய் நாகராஜ் வீட்டு வாசலில் நின்றான். குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் நகர்த்தவில்லை. நாகராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வெளியே வந்து, "இன்னா, திரும்பவும் சட்டையப் புடிக்கப் போறியா? இன்னிக்கு நான் சட்டையே போடல" என்றான். வேலு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று தேவானைக்குக் கேட்கவில்லை. நாகராஜ் நிமிர்ந்து எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற அவளைப் பார்த்தான். அவள் உள்ளே போகாமல் நின்றாள். மணி அவள் பக்கத்தில் இருந்தாள். கையைப் பிடித்திருக்கவில்லை. நாகராஜுக்கும் குழாயடிக்கும் அது தெரிந்தது.

திங்கட்கிழமை எண் வந்தது. முப்பதாம் தேதி காலையில் காப்பீட்டுக்கு விண்ணப்பித்த ரசீதை ஸ்ரீரஞ்சனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அட்டை வர நாளாகும் என்றாலும் அந்த ரசீதை வைத்தே மையத்தில் தொடங்கிவிடுவார்கள்.

ஜூலை ஒன்றாம் தேதி வேலு மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் வந்து வண்டியைக் கழுவி, அட்டைப்பெட்டி விரித்து, இருவரையும் அதிலேயே அடையாறு வரை கொண்டுவந்து விட்டான். உள்ளே வர மறுத்துவிட்டான். "மீன் நாத்தம் அடிக்குது" என்றான்.

காமாக்ஷி மேடம் காலையில் இரண்டு மணி நேரம் அனுமதி கொடுத்திருந்தார். ஸ்ரீரஞ்சனி தேவானையை அதே மூலையில், அதே நாற்காலியில் உட்காரச் சொன்னாள். ஒரு தாளில் தேதி போட்டு, தமிழில் ஒரே ஒரு வரி எழுதி அவளிடம் காட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால், யாரும் தொடாமல், திரும்பிப் பார்ப்பது.

"இது வரத்துக்கு எத்தினி நாளாவும் மேடம்?"

"தெரியாது. மூணு வருஷமாப் பழகினதை முதல்ல மறக்கணும். ரொம்ப அழுவா. நீங்க எழுந்து வரப்படாது."

மணி கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தட்டு நிறைய மூடிகள் வைத்திருந்தார்கள், பல நிறங்களில். அவள் அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"மணி" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

மூடிகள் வரிசையாக நீண்டன. ஸ்ரீரஞ்சனி மனதுக்குள் எண்ணிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மறுபடி எண்ணினாள். அவள் குரல் ஏறவில்லை. ஒன்பதாவது தடவை மணி எழுந்தாள். நேரே மூலைக்கு வந்து தேவானையின் மடியைத் தேடினாள். கைகள் அங்கே இல்லை, நாற்காலிக்குப் பின்னால் கோத்திருந்தன. மணி முனகினாள், பிறகு அழ ஆரம்பித்தாள். அவளை ஸ்ரீரஞ்சனி தூக்கிக்கொண்டு போய் மறுபடி மூடிகளின் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

தேவானைக்குக் கையில் வலி தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் அவள் கட்டைவிரல் தன் உள்ளங்கையையே அழுத்திக்கொண்டிருந்தது. விரலை எடுத்தாள். நகம் பதிந்திருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து, விரித்து, முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.

"மணி" என்றாள் ஸ்ரீரஞ்சனி.